முதுகு இல்லாத இரண்டு நாற்காலிகள்

என் கணவர் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுவதும் நின்றுகொண்டே இருந்தார் என்றுதான் நான் சொல்வேன். கண்டக்டருக்கென்று ஒரு சீட் உண்டு. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் கொடுத்துவிடுவார். அந்தப் பேருந்தில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டுமாக நான் படியேறியதும், கூட்டத்தின் தலைக்கு மேல் ஒரு குரல் வரும். "முன்னாடி இடம் கீது டீச்சர், போய் உக்காருங்க!" இடமெல்லாம் இருக்காது. யாரையோ எழுப்பி உண்டாக்கியிருப்பார். அந்தக் குரலைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். இன்றைக்கும் அவருக்கு நான் டீச்சர்தான்.

ஓய்வுக்குப் பிறகும் நிற்கிற பழக்கம் அவரை விடவில்லை. வாசலில் யார் தலை தெரிந்தாலும் எழுந்துவிடுவார். இஸ்திரிக்காரர், சிலிண்டர் போட வருபவர், எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் எல்லோரும் அவருக்கு ஒன்றுதான். சைதாப்பேட்டையில் அவர் வளர்ந்த வீட்டில் அது சட்டம். எழுந்து நின்று "வாங்க" சொல்ல வேண்டும். உட்கார்ந்தபடியே சொன்னால் அதற்குப் போங்க என்று அர்த்தமாம். பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது விருட்டென்று எழுந்து, மடியில் இருக்கும் மூக்குக் கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்திருக்கிறார். ஒருமுறை இல்லை, பலமுறை. நானும் ஒவ்வொரு முறையும் கத்தியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட மனிதர் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போய், ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் மந்தைவெளி வீட்டு ஹாலில் இருந்ததோ ஒரு பெரிய சோபா, உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். டாக்டர் சொன்னதை மீறி ஒருநாள் அதில்தான் உட்கார்ந்திருந்தார். அவரோடு டிப்போவில் வேலை பார்த்தவர் ஒருவர் பார்க்க வந்தார். இவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுபடி பார்த்தார். கடைசியில் வந்தவரும் நானுமாக ஆளுக்கு ஒரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினோம். வந்தவர் போனதும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனவர்தான், பிறகு ஹால் பக்கமே வரவில்லை. அங்கே கட்டில் உயரம், எழுந்துகொள்ள முடிந்தது. சாப்பாடு அங்கே, பேப்பர் அங்கே. யார் வந்தாலும், தூங்குகிறேன் என்று சொல்லிவிடு என்றார்.

"வந்தவங்களுக்கு எழுந்து நிக்க முடியாதவன் ஹால்ல எதுக்கு உக்காரணும்?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதுவுமே முதலில் கோபமாகத்தான் வரும், அழுகை அப்புறம் தனியாக வரும். வீடே பாதியாகச் சுருங்கிப் போனது மாதிரி இருந்தது. இந்த மனிதர் ஹாலுக்குத் திரும்பி வர வேண்டும், வருகிறவர்களை எழுந்து நின்று "வாங்க" என்று கூப்பிட வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி பெண், நாற்காலியிலிருந்து எப்படி எழுவது என்று சொல்லிக் கொடுத்தாள். "காலைப் பின்னாடி இழுத்துக்கோங்க அங்கிள். முன்னாடி குனியுங்க, மூக்கு கால் விரலுக்கு நேரா வரணும். இப்ப ரெண்டு கையையும் அழுத்துங்க." அதற்கு உயரமான, கெட்டியான, நல்ல கைப்பிடியுள்ள நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி அழுத்தியதும் பின்னால் நகர்ந்தது. மருத்துவச் சாமான் கடையில் எவர்சில்வர் குழாய் நாற்காலி ஒன்று வாங்கி வந்தேன். அதை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா டீச்சர், வார்டுல உக்கார வெச்சி ஊசி போடப் போறியா?" திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்போதுதான் மாடி வீட்டு மாமி உள்ளே நுழைந்தார். மாமிக்கு வயது என் வயது, கைபேசியில் வீடியோ பார்ப்பதில் மட்டும் பதினாறு. "பழைய குஷன் நாற்காலியை வாங்கிண்டு வந்து, தேய்ச்சு அலம்பி, துணி மேலயே பெயிண்ட் அடிக்கறா டீச்சர்! நேத்திக்குப் பூரா அதத்தான் பாத்துண்டிருந்தேன். புதுசு மாதிரி ஆயிடறது. நாம ரெண்டு பேரும் பண்ணலாம்" என்றார். துணிக்கு மேல் பெயிண்டா என்று நான் சிரித்தேன். ஆனால் ராத்திரி படுத்தபோது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வடபழனியில் ஒரு சந்தில் பழைய நாற்காலிகள் கிடைக்கும் என்று மாமிதான் கண்டுபிடித்தார். சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டு, அடிபட்டு ஓய்ந்ததை விற்கிற கடை. வடபழனி வரை போய் முருகனைப் பார்க்காமல் திரும்ப மாமிக்குக் கால் வராது. அவர் உள்ளே போய் வரும்வரை நான் வெளியே நின்று அவருடைய செருப்பைக் காவல் காத்தேன்.

கடையில் சுவரோரமாக இரண்டு நாற்காலிகள் நின்றன. உயர்ந்த முதுகு, அகலமான கை, மரூன் நிறத் துணி. துணி வெளுத்திருந்தது, டீக்கறை இருந்தது, ஒன்றின் கையில் சாயத்தில் செய்த சினிமா ரத்தமும் இருந்தது. மரம் மட்டும் அசைத்தும் அசையவில்லை. கடைக்காரர் அதன் தலையைத் தட்டினார். "இன்னா மேடம் அப்டி பாக்குற? ஹீரோயினோட அப்பா உக்கார்ற சேர் மேடம் இது. எத்தினி அப்பா இதுல நெஞ்ச புடிச்சிகினு சாஞ்சிகீறாரு தெரியுமா?" இடுப்பு உடைந்தவருக்காக வாங்க வந்திருக்கிறேன், எனக்கு நெஞ்சுவலிக் கதை சொல்கிறார். ஆனாலும் எனக்கு அந்த நாற்காலிகளைப் பிடித்துவிட்டது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மனதுக்குள் பங்கு போட்டுவிட்டேன். குட்டி யானை வண்டியில் ஏற்றி, எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுவந்து இறக்கினோம்.

இறக்கியதும் மாமி அலறினார். "டீச்சர், இதுக்கு முதுகே இல்லையே!"

உண்மைதான். முன்பக்கம் பங்களா, பின்பக்கம் வெறும் கோணி. சட்டத்தில் கோணிப்பையை இழுத்து ஆணி அடித்திருந்தார்கள், அதுவும் கிழிசல். கடையில் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்ததால் நாங்கள் பார்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற இரண்டு பெண்கள், நாற்காலியைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வந்திருக்கிறோம். கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "பின்னாடி கேமரா போவாது மேடம்."

எங்கள் படுக்கையறை ஜன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து இருக்கும். கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. "முன்னாடி ஜமீன்தாரு, பின்னாடி மூட்ட தூக்குறவரு" என்றார். நான் முறைத்தேன். உள்ளுக்குள் அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொன்னேன்.

தினமும் வெயில் ஏறியதும் வேலையைத் தொடங்கினோம். முதலில் குச்சியால் அடித்துத் தூசி எடுத்தோம். எத்தனை பங்களாத் தூசியோ, மாமி தும்மிக்கொண்டே இருந்தார். ஆப்ப சோடாவைத் தூவிப் பகல் முழுக்க ஊறவிட்டு, மாமி வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினோம். பட்டுப்புடவைக்குப் போடுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டுத் தேய்த்து, பிழிந்த துண்டால் துடைத்தோம். துண்டைப் பிழிந்தால் டிகாக்‌ஷன் மாதிரி இறங்கியது. சினிமா ரத்தம் மட்டும் போகவே மாட்டேன் என்றது. ஜன்னலிலிருந்து யோசனைகள் வந்துகொண்டே இருந்தன. "ஓரத்துல தேய்க்கல பாரு." "மாமி, நீங்க குந்தாதீங்க, அப்புறம் உங்களுக்கும் வாக்கர் வாங்கணும்." கம்பிக்கு இந்தப் பக்கம் வாருங்களேன் என்று கூப்பிட்டால் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்.

நிறத்தில் சண்டை வந்தது. நான் மாதாவின் முக்காட்டு நீலம் என்றேன். மாமி மயில்கழுத்து என்றார். இரண்டையும் கலந்தோம். வந்த நிறத்தைப் பார்த்து நான் மாதா என்றேன், அவர் மயில் என்றார், இருவருக்கும் திருப்தி. துணிச்சாயத்தைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, துணியை ஈரமாக்கிக்கொண்டு, மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபடி தடவ வேண்டும் என்று வீடியோ சொன்னது.

வீடியோ சொல்லாத ஒன்றை நாங்களாகச் செய்தோம். நானும் மாமியும் ஆயுசுக்கும் கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டியவர்கள். பள்ளிக்கூடத்தில் என் புடவைச் சத்தத்தை வைத்தே நான் வருவதைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். கழுவிக் காய்ந்த நாற்காலித் துணி தொளதொளவென்று கிடந்தது, எங்களுக்குக் கை பொறுக்கவில்லை. "கஞ்சி போடாத காட்டன் ஒரு காட்டனா?" என்றார் மாமி. ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, சாயத்தோடு கலந்து, முன்னும் பின்னும் தாராளமாகப் பூசினோம். கோணியின் ஓட்டைகள்கூட அடைபட்டுப் பலகை மாதிரி நின்றது. காய்ந்தபின் பார்த்தால் நாங்களே அசந்துபோனோம். தச்சர் வந்து குஷனுக்கு அடியில் பலகை வைத்து, கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினார். நாற்காலிகள் ஹாலுக்குள் போயின.

மாமி பக்கத்தில் நிற்க, ஆசையோடு முதலில் நான் உட்கார்ந்தேன். படபடவென்று அப்பளக் கட்டின் மேல் உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். பயந்துபோய் நான் "ஐயோ" என்றேன்.

உள்ளேயிருந்து "டீச்சர்!" என்று ஒரு கத்தல். வாக்கர் தரையில் தடதடத்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஹால் வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"வியுந்துட்டியா? இடுப்பா? இன்னாடி ஆச்சி, சொல்லேன்!"

"நாற்காலிங்க. கஞ்சி."

நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மெதுவாக வந்து, மற்ற நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்து, பின்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். பட்பட்டென்று நொறுங்கியது. "உன் பொடவ மேல உக்காந்த மாரியே கீது" என்றார். மாமி வெட்கப்பட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நான் சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

மறுநாள் காலையில் இரண்டு நாற்காலியிலும் எறும்பு ஊர்வலம். கஞ்சிக்கு வராமல் என்ன செய்யும்? முன்பக்கத்தை வெந்நீரில் துடைத்துக் கஞ்சியை எடுத்து, மறுபடி சாயம் பூசினோம். முதுகுக்குக் கஞ்சி இல்லாமல் முடியாது. புத்தகம் பைண்டிங் செய்கிற பசையில் பூச்சி வராமல் மயில்துத்தம் போடுவது நினைவுக்கு வந்து, அதைக் கலந்து புதிதாகக் காய்ச்சிக் கோணிக்கு மட்டும் பூசினேன். எறும்பு போனது. சத்தம் முதுகில் மட்டும் தங்கிவிட்டது. சாய்ந்தாலும் எழுந்தாலும் ஒரு சின்ன நொறுங்கல்.

அவர் தினமும் ஹாலில் பயிற்சி செய்தார், வாசல் கதவைச் சாத்திவிட்டுத்தான். மூக்கு விரலுக்கு நேரே, கை அழுத்தம், நொறுங்கல், நிற்பார். நேரமெடுக்கும். முகம் சிவந்துபோகும். ஆனால் யார் கையும் படாமல் நிற்பார்.

எங்கள் சர்ச் பங்கில் தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருக்கிறோம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி, டீ குடித்துக் கலைவது வழக்கம். அவர் விழுந்ததிலிருந்து எங்கள் முறையை நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். இந்த முறை சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்குக் கோபம் வந்தது. "எல்லாரும் வர்றப்ப நான் கொலு பொம்ம மாதிரி உக்காந்துகினு இருக்கணுமா?" என்றார். ஏன் உட்கார வேண்டும், எழுந்து நில்லுங்கள் என்றேன். அன்று பயிற்சியைக் கூடுதலாகச் செய்தார்.

கூட்டத்தன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலி எனக்கு. முதல் குடும்பம் வந்தது. இவர் காலைப் பின்னால் இழுத்தார், குனிந்தார், கையை அழுத்தினார், பாதி எழுந்தார். வந்தவர் ஓடிவந்து தோளில் கை வைத்து, "பரவால்லங்க, உக்காருங்க உக்காருங்க" என்று அழுத்தி உட்கார வைத்துவிட்டார். அடுத்து வந்தவர்களும் அப்படியே. எத்தனை அன்பான கைகள்! ஒவ்வொரு கையும் அவரைக் கீழே தள்ளியது. கடைசியாகச் சாமியார் வந்தார். இவர் முக்கால்வாசி எழுந்துவிட்டார். "உட்காருங்க ஐயா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று அவரும் தோளை அழுத்தினார். அதற்குப் பிறகு இவர் முயற்சி செய்யவில்லை. ஜெபமாலை முழுக்கத் தலையைக் குனிந்தே இருந்தார். சைதாப்பேட்டைச் சட்டப்படி அத்தனை பேரையும் அவர் போங்க என்று சொல்லியிருக்கிறார். எனக்கு எல்லோர் மேலும் கோபம் வந்தது. முக்கியமாக, கூட்டத்தை வீட்டுக்கு அழைத்த என் மேலேயே.

சாமியார் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "டீயை இப்பவே குடுத்துடுங்கம்மா, குடிச்சிக்கிட்டே அறிவிப்பைச் சொல்லிட்டு, கடைசி ஜெபத்தை முடிச்சிடலாம்" என்றார். நான் சமையலறைக்குப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெரிய தட்டு நிறைய டீ தம்ளர்களை அடுக்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன்.

நொறுங்கல் கேட்டது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கால்களைப் பின்னால் இழுத்தார். குனிந்தார். கைகளை அழுத்தினார். பாத்ரூம் போக வேண்டுமோ என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்திருப்பேன், சத்தியமாக. ஆனால் என் இரண்டு கையிலும் தட்டு. கீழே வைக்க இடமில்லை. அதனால் அவர் எழுந்து முடிக்கும்வரை நான் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. முகம் சிவக்கச் சிவக்க, மெதுவாக, முழு உயரத்துக்கு எழுந்து நின்றார்.

கடைசி ஜெபத்துக்கு எழுந்து நிற்பது வழக்கம். இவர் எழுந்ததைப் பார்த்த பக்கத்து வரிசை, ஜெபம் தொடங்கிவிட்டது என்று நினைத்து எழுந்தது. அதைப் பார்த்துப் பின்வரிசை எழுந்தது. மாடியிலிருந்து வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமியும் எழுந்தார். சாமியாரும் குழம்பிப்போய் அறிவிப்புத் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். ஹால் முழுக்க எழுந்து நிற்கிறது, நடுவில் நான் டீத்தட்டோடு. வகுப்பறையில் தினமும் பிள்ளைகள் எனக்காக எழுந்து நின்றிருக்கிறார்கள். ஒருநாளும் அதை நான் பெரிதாக நினைத்ததில்லை.

"என்னங்க, பாத்ரூமா?" என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும் அதைத்தான் கேட்டேன், வேறென்ன தெரியும் எனக்கு.

"இல்ல. நீ வர்றல்ல, அதான்" என்றார்.

யாரோ என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்கள். அவர் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அந்தப் பழைய குரல், கூட்டத்தின் தலைக்கு மேல்.

"இடம் கீது டீச்சர், உக்காரு."

நான் உட்கார்ந்தேன். நொறுங்கியது. அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.